பவளத்தின் விமானமும் மாடசாமியின் வெல்டிங்கும்

பவளத்துக்குக் கோபம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி கலைந்துவிடும். இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிற எந்தக் கிழவரையும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று அவள் சத்தம் போட்டாள். அந்த நேரம் மலைக்கு அந்தப் பக்கம், கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், தன் வண்டியின் ஹாரன்தான் மாட்டிக்கொண்டு அலறுகிறது என்று இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்தாராம். தண்ணீர் அன்று மாலையே வந்துவிட்டது. குழாய்க்குள் இருந்த அடைப்பு பயத்தில் தானாகவே இறங்கி ஓடியிருக்க வேண்டும்.

அவளுடைய கோபங்களைப் பற்றி இப்படி எத்தனையோ கதை உண்டு. ஆனால் அத்தனையும் ஒரே கோபத்தின் கிளைகள் என்பது பலருக்குத் தெரியாது. அவளுக்குப் பட்டறையில் வேலை வேண்டும். கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவுதான்.

பவளம் எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம்தான் படித்தாள். கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை; வாயிலும் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. வயது வந்ததும் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிக்கூடத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் தேயிலை பலகைப் பெட்டிகளில்தான் கப்பலேறும். பெட்டியின் உட்புறம் முழுவதும் அலுமினியத் தாளை ஒட்ட வேண்டும். தேயிலையைக் கொட்டிக் குலுக்கி, தாளின் மேல் மடிப்பை மூடி, பலகை வைத்து ஆணி அடிப்பார்கள். தாளில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், ஈரம் ஏறித் தேயிலை பூஞ்சணம் பூத்துவிடும். பவளம் ஒட்டின பெட்டிக்குள் ஈரம் என்ன, எமனே நுழைய முடியாது என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். ஆனால் பெட்டிக்கூடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் கடைசல் இயந்திரம் ஓடும்போதெல்லாம் இவளுக்கு இந்தப் பக்கம் கை பரபரக்கும்.

வீட்டில் அவள் கை வைக்காத பொருள் கிடையாது. கல்யாணமான புதிதில், புருஷன் சுப்பன் ஆசையாக வாங்கிய ரேடியோ, நேயர் விருப்பத்தில் அவள் பெயர் வாசிக்கப்படுகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. ஓங்கி ஒரு அடி அடித்தாள். பேசவில்லை. அந்தக் கோபத்தில் அதைப் பிரித்து, குடலை உருவிப் பாயில் பரப்பி, விடிவதற்குள் மறுபடி பேச வைத்தாள். அதிலிருந்து லயத்தில் எந்த வீட்டு ரேடியோ மக்கர் செய்தாலும் பவளத்திடம் வரும். டார்ச் லைட், அயன்பாக்ஸ், கேசட் பெட்டி எல்லாம் வரும். திட்டிக்கொண்டேதான் சரி செய்வாள். அவள் திட்டுக்குப் பயந்தே பாதி சாமான்கள் குணமாகிவிடும் என்பது சுப்பனின் கட்சி.

எழுபத்தைந்தாம் வருஷம் முதல் முறையாகப் பட்டறைக்குப் போய்க் கேட்டாள். பட்டறைக்குத் தலைவர் ஃபிட்டர் மாடசாமி. கோபத்தில் பவளத்துக்கு அண்ணன் மாதிரி; உறவில் இல்லை.

"பட்டறையில ஒனக்கென்ன வேலை புள்ள? சேலையோட பெல்ட்டு பக்கத்துல நின்னா, ஒன்ன இழுத்துச் சுத்தித் தேயிலையோட சேத்துப் பொட்டலம் கட்டிரும்."

"அப்ப ஆம்பளைங்க மாதிரி சிலுவார் போட்டுக்கிட்டு வர்றேண்ணே."

"சிலுவார் போட்ட பொம்பளைய பாத்துக்கிட்டே நின்னு, எம் பசங்க மெஷினுக்குள்ள கையை விட்டுருவானுங்க."

அடுத்த வருஷம் கேட்டாள்; பாரம் தூக்க முடியாது என்றார். தேயிலைப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி அவர் காலடியில் போட்டாள். அதற்கடுத்த வருஷம், இரவு முறைக்குப் பெண்கள் வரக்கூடாது என்றார். அப்புறம் இடமே இல்லை என்றார். வருஷத்துக்கு ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் பவளத்தின் குரல் ஒரு சுதி ஏறியது.

எண்பத்து மூன்றில் இடம் காலியானது. மாடசாமிக்கு உதவியாக இருந்த முருகையா ஓய்வு பெற்று ஈப்போவில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தன் மச்சானைக் கொண்டுவரக் கிராணி ரெங்கசாமி கணக்குப் போட்டார். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா, மேசைக்கு அரசர். தோட்ட மேலாளரான துரை கையெழுத்துப் போடுவார், எங்கே போட வேண்டுமென்று விரல் வைத்துக் காட்டுவது இவர்.

அந்த நேரத்தில்தான் விமானம் வந்தது. மாற்றலாகிப் போன சின்னத்துரையின் பங்களாவில் சுப்பனுக்குப் பூச்செடி வேலை. குப்பையோடு கிடந்ததை எடுத்து வந்தான். மெல்லிய பல்சா மரக்குச்சிகளில் பட்டுப்போன்ற தாள் ஒட்டிய விமானம். இறக்கையை விரித்தால் ஒரு ஆள் கையை விரித்ததுபோல் இருக்கும். வயிற்றுக்குள் நீளமாக ஒரு ரப்பர் கயிறு. காற்றாடியைப் பிடித்து முறுக்கிவிட்டால், ரப்பர் முறுக்கு அவிழ அவிழக் காற்றாடி சுற்றும், விமானம் பறக்கும். ரப்பர் மக்கிப்போய்ப் பல்லி வால் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

சுப்பன் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசல் வழியாக வந்ததுதான் பிசகு. அங்கே மாடசாமியும் கிராணியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சுப்பா, பொஞ்சாதிக்கு ஏரோப்ளேன் வாங்கிட்டியா? எங்க அனுப்பி வைக்கப் போற? தூரமா அனுப்புலா, எங்களுக்கும் கொஞ்சம் காது கேக்கட்டும்" என்றார் கிராணி.

மாடசாமி வாங்கிப் பார்த்தார். "ரப்பர் ஏரோப்ளேன். முறுக்கி விட்டா போகும். எங்க போகும்னு அதுக்கே தெரியாது. ஒம் பொஞ்சாதி வாய் மாதிரி."

ஆணி வாங்க வந்த பவளம் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டாள். வந்தாள்.

"முறுக்காம போக வைக்கிறேன். கரண்டுல போகும். நான் திரும்புன்னா திரும்பும்."

"ரேடியோ வச்சா?"

"ரேடியோ வச்சுத்தான்."

மாடசாமி சிரித்தார். அவர் சிரித்தால் பட்டறைத் தகரம் அதிரும். "இந்தா பாரு புள்ள. போனாப் போதாது. போயித் திரும்பி நீ நிக்கிற எடத்துக்கு வரணும். வந்துச்சு, முருகையா எடம் ஒனக்குத்தான். பட்டறைக்கு யாருன்னு நான் சொல்றதுதான்."

"கிராணியய்யா சாட்சியா?"

"சாட்சிலா! நானே மாலை போட்டுக் கூட்டிட்டு வந்து பட்டறையில விடுறேன்" என்றார் கிராணி. அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது. அதைப் பவளம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தானா ராத்தாவில் டாக்சி ஓட்டும் நல்லுசாமி தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த, ரேடியோவில் ஓடும் பொம்மைக் காரைத் தானே பின்பக்கம் எடுக்கும்போது டாக்சியால் ஏற்றிவிட்டார். சக்கரமும் கூடும் அப்பளமாகிவிட்டன; உள்ளிருந்த சின்ன மோட்டாரும், பல்சக்கரங்களும், ரேடியோவும், கையில் பிடிக்கும் பொத்தான் பெட்டியும் பிழைத்திருந்தன. அதைப் பவளத்திடம் கொடுத்தார். பழைய கேமரா விளக்கிலிருந்து சார்ஜ் செய்கிற சின்ன பேட்டரிகளை அவள் எடுத்துக்கொண்டாள்.

முதலில், பெட்டிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில், ரப்பருக்கு உண்டான பெரிய காற்றாடியை மோட்டாரில் நேராக மாட்டினாள். மோட்டார் முனகி, சூடேறி, சுட்ட கருவாடு மாதிரி வாடை அடித்தது. தகரச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாடசாமியின் குரல்: "அவ்வளவு பெரிய காத்தாடிய அந்தப் பொடி மோட்டார் சுத்துமா? கியர் வையி, கியர் வையி!" அவர் சொன்னது சரி என்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அன்றிரவு வீட்டில் காரின் பல்சக்கரங்களை வைத்து, மோட்டார் பல சுற்றுச் சுற்றினால் காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றும்படி செய்தாள். இப்போது காற்று வந்தது. பாயில் படுத்திருந்த சுப்பனின் போர்வை பறந்தது என்பார்கள். சுப்பனே பறந்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

ரேடியோவின் பெட்டியைக் கழற்றி எறிந்தாள். எடை குறைய வேண்டும். காரின் சக்கரத்தைத் திருப்புகிற காந்தச் சுருளை விமானத்தின் வாலில் வைத்தாள். இடப் பொத்தானை அழுத்தினால் வால் இடப் பக்கம் மடங்கும், விட்டால் நேராகும். காற்றாடிக்குத் தனி விசை: போட்டால் பேட்டரி தீரும்வரை ஓடும், தீர்ந்தால் மிதந்து இறங்கும். ரப்பர் முறுக்கு அவிழ்ந்து நிற்பதைப்போலத்தான். மூக்கில் மோட்டார் கனத்தால் விமானம் குப்புறக் கவிழும் என்பதால் பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, இறக்கைக்கடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் சாயாமல் நிற்கும்வரை நகர்த்தினாள். இறக்கை நுனிகளைப் பறவை மாதிரி இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினாள். வால் மடங்கும்போது சாய்ந்து திரும்ப அது வேண்டும்.

எங்கள் ஊர்ப் பனிதான் கடைசி எதிரி. காலையில் விறைப்பாக இருக்கும் தாள், மூடுபனி வந்ததும் கிழவி கன்னம் மாதிரி தொங்கிப்போகும். இறக்கைக்குப் பெயிண்ட் பூசிச் சமாளித்தாள். உடம்புத் தாள் நைந்தே போனது. அதற்கு அவளைக் கேட்கவா வேண்டும்? பெட்டிக்கூடத்தில் வெட்டி மிஞ்சிய அலுமினியத் தாளை எடுத்தாள். "தேயிலைக்கே ஈரம் ஏறாத தாள். இதுக்கு ஏறிருமா?" என்று விமானத்தின் வயிறு முழுவதும், ஒரு சுருக்கம் இல்லாமல், தன் வாழ்நாள் பழக்கத்தோடு ஒட்டினாள். வெள்ளிக்கட்டி மாதிரி மின்னியது. ரேடியோ செய்தி பிடிக்கும் மெல்லிய கம்பி மட்டும் வயிற்றிலிருந்து வெளியே தொங்கியது. வீட்டு முற்றத்தில் எத்தனை தூரத்தில் நின்று அழுத்தினாலும் வால் சொன்னபடி ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, காற்பந்துத் திடல். தோட்டமே கூடியிருந்தது. மாடசாமி மட்டும் வரவில்லை. "பொம்மை பாக்க எனக்கு நேரமில்ல" என்று பட்டறையில் கொழுந்து வண்டிக்கு வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய நீல வெளிச்சம் திடல்வரை வெட்டி வெட்டி அடித்தது.

கிராணி கூட்டத்தின் முன்னால் வந்து விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். "என்ன பவளம், ஏரோப்ளேன்னு சொல்லிப்புட்டுப் பட்டமா விடுற? கயிறு தொங்குது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அது கயிறில்ல கிராணியய்யா. ரேடியோக் கம்பி."

"கயிறு கட்டி இழுத்தா நானும்தான் திருப்பிக் கொண்டாருவேன்! பாத்துக்குங்கப்பா, பொம்பள கயித்தோட வந்திருக்கு!"

பவளத்தின் காது சிவந்தது. சட்டென்று அந்தக் கம்பியைச் சுருட்டி, வயிற்றுத் தாளைப் பிரித்து உள்ளே திணித்து, மடிப்பை நகத்தால் நீவி மூடினாள். "இப்பச் சொல்லுங்க, எங்க கயிறு?" கையில் வைத்தபடியே பொத்தானை அழுத்தினாள். வால் ஆடியது. விசையைப் போட்டுக் காற்றுக்கு எதிரே வீசினாள்.

விமானம் பறந்தது. எப்படிப் பறந்தது என்கிறீர்கள்! மாரியம்மன் கோயில் கலசத்தின் மேல் உட்கார்ந்திருந்த புறா வெட்கப்பட்டுத் தலையை இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. கூட்டம் கூவியது. பவளம் இடப் பொத்தானை அழுத்தினாள். விமானம் நேராகப் போனது. வலப் பொத்தானை அழுத்தினாள். நேராகவே போனது. லயத்தைத் தாண்டி, மேல்மலைத் தேயிலையை நோக்கி, வெள்ளி மீன் மாதிரி பனிக்குள் நுழைந்து மறைந்தது.

"பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடச் சொல்லு!" என்றார் கிராணி.

அந்தச் சிரிப்புக்கு நடுவில், பட்டறையின் நீல வெளிச்சம் மறுபடி வெட்டியது. பவளம் அதைப் பார்த்தாள். மாடசாமி வெல்டிங் பிடித்தால் லயத்து ரேடியோ எல்லாம் கரகரவென்று இரையும். நேயர் விருப்பம் கேட்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அது தெரியும்.

"அந்தாளுதான்!" என்று கத்தினாள். "வேணும்னே வெல்டிங் புடிச்சு என் ரேடியோவைக் கெடுத்துட்டான்! எடம் கொடுக்கணுமேன்னு வயித்தெரிச்சல்!"

மாடசாமி முகமூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "யாரப் பாத்து என்னா பேசுற?"

"ஒங்களப் பாத்துத்தான்! சொன்ன சொல்லக் காப்பாத்தத் துப்பில்லாம மறைஞ்சிருந்து அடிக்கிறீங்க!"

"ஒன் ஏரோப்ளேனும் வேணாம், ஒனக்கு எடமும் கெடையாது, போ!"

கொழுந்து பறிக்கிற பெண்கள் மறுநாள் மேல்மலையில் விமானத்தைக் கண்டெடுத்தார்கள். தேயிலைச் செடியின் தலை மெத்தை மாதிரி அல்லவா. ஒரு குச்சி மட்டும் முறிந்திருந்தது. ஆனால் பவளம் அதைத் தொடவில்லை. தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெட்டிக்கூடத்துப் பெண்கள் மாடசாமியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயில் மாடசாமியின் மனைவி செல்லம்மாவுக்குத் தினமும் பூசை. "ஏன் மதினி, இன்னைக்கு யார் வீட்டு ரேடியோவக் கெடுக்கப் போறாரு?" மாடசாமி ரோஷத்தில் மாலை வெல்டிங்கை நிறுத்திவிட்டார். ரேடியோக்கள் துல்லியமாகப் பாடின. பார்த்தீர்களா, அவர்தான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி என்றார்கள். இதற்கிடையில் கிராணி தன் மச்சானுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெட்டிக்கூடத்தில் வேலை நேரத்தில் ரேடியோ கூடாது. ஆனாலும் ஒரு குட்டி ரேடியோ எப்போதும் ஓடும். கிராணியின் செருப்புச் சத்தம் கேட்டால் சாக்குக் குவியலுக்குள் போய்விடும். ஒருநாள் சாக்குகளை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. நீலாவதி என்கிற பெண் அவசரத்தில் ரேடியோவைப் பவளம் தாள் ஒட்டி முடித்த காலிப் பெட்டிக்குள் போட்டு, மேல் மடிப்பை மூடினாள். உள்ளே பாட்டு நின்றது. உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும்.

"என்ன சத்தம்?" என்றார் கிராணி.

"நீராவி அய்யா" என்றாள் நீலாவதி.

அவர் போனதும் மடிப்பைத் திறந்தாள். பாட்டு வந்தது. "அடி ஆத்தி, நல்ல புத்திசாலி ரேடியோடி! கிராணி வந்தா வாயை மூடிக்குது!"

பவளம் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். பெட்டியின் மடிப்பை மூடினாள்: இரைச்சல். திறந்தாள்: பாட்டு. மூடினாள். திறந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நீலாவதி இரண்டடி பின்னால் போனாள்.

ஈரம் புகாமல் ஒட்டின தாள். ரேடியோவும் புகாமல் ஒட்டியிருந்தாள். கம்பி வெளியே தொங்கினவரை விமானத்துக்குக் காது இருந்தது. கிராணியின் ஒரு கேலிக்கு ரோஷப்பட்டு அந்தக் காதைத் தன் கையாலேயே பெட்டித்தாளுக்குள் மூடிவிட்டிருந்தாள். கைக்குப் பக்கத்தில் வால் ஆடியது. தூரம் போனதும் செவிடாகிவிட்டது. மாடசாமிக்கு அதில் சம்பந்தமே இல்லை.

வேலை நேரமென்றும் பார்க்காமல் தகரச் சுவரைச் சுற்றிப் பட்டறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கிறவள் எப்படி வருவாள் என்று மாடசாமிக்குத் தெரியாது; அவள் வந்த வேகத்தைப் பார்த்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

"ஒங்க மேல தப்பில்ல! போதுமா?"

"என்னாது?"

"தப்பு என்னோடது! பெட்டித்தாளு! கம்பிய உள்ள வச்சு மூடிட்டேன்! ஒங்க வெல்டிங் ஒண்ணும் பண்ணல! போதுமா, போதுமா?"

"அடியே, இத ஏன் என்னையத் திட்டுற மாதிரி சொல்ற?"

"வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல!"

மாடசாமி ஸ்பேனரை மேசையில் அடித்தார். "எம் பொஞ்சாதி தண்ணிக்குப் போயிட்டு அழுதுகிட்டு வர்றா. நீ இங்க வந்து என் காதுல மட்டும் சொன்னா ஆச்சா? எந்தத் திடல்ல கத்துனியோ அந்தத் திடல்ல கத்து!"

"கத்துறேன். ஏரோப்ளேனையும் விடுறேன்."

"விடு. வந்துச்சுன்னா பழைய வாக்கு நிக்கும். ஆனா நான் வெல்டிங் புடிச்சுக்கிட்டே இருப்பேன். நீ விட்டு முடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன். ஊரே பாக்கட்டும், என் வெல்டிங்கால போச்சா, ஒன் புத்தியால போச்சான்னு!"

அடுத்த ஞாயிறு திடலில் பவளம் நடுவில் நின்று, செல்லம்மாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வைத்து, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். சொன்ன தோரணையில் கேட்டவர்கள் எல்லாரும் தாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று தலை குனிந்தார்கள். "குழாயடியில மதினிய எவளாவது பேசினீங்க, அப்புறம் ரேடியோவத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வராதீங்க" என்றும் சேர்த்தாள்.

பட்டறையில் நீல வெளிச்சம் பற்றியது. கம்பி இந்த முறை வால் தாண்டித் தொங்கியது. கிராணி வாயைத் திறந்தார். பவளம் திரும்பிப் பார்த்தாள். கிராணி கொட்டாவி விட வந்ததைப்போல மூடிக்கொண்டார்.

விமானம் ஏறியது. இடப் பொத்தான். சாய்ந்தது, திரும்பியது! கோயிலைச் சுற்றி வந்தது. பனிச்சுவரைத் தொட்டுவிட்டு விலகியது. திரும்பி வரும் வழியில் பட்டறைக் கூரைக்கு மேலே வந்ததும் வால் வலிப்பு வந்ததுபோல் துடித்தது. விமானம் குடிகாரன் மாதிரி ஆடியது. ஒவ்வொரு நீல வெட்டுக்கும் ஒரு ஆட்டம். பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு இடம், வலம், இடம் என்று அழுத்தி அழுத்தி அதை இழுத்து வந்தாள். காற்றாடி நின்றது. மிதந்து வந்து, திடலில் கட்டியிருந்த பூப்பந்து வலையில் மோதி, அவள் காலுக்குப் பக்கத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது.

கூவின கூவலில் வெல்டிங் நின்றது. மாடசாமி முகமூடியோடு ஓடி வந்தார். வெல்டிங் பிடித்ததால் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

"வந்துச்சா?"

"வந்துச்சு!" என்றது திடல்.

"வலையில மாட்டி விழுந்துச்சு" என்றார் கிராணி. "வலை மட்டும் இல்லாட்டி இந்நேரம் கம்போங் ராஜா போயிருக்கும். இது வந்ததுல சேத்தி இல்ல. மாடசாமி, நீ பாக்கல, நான் பாத்தேன், நான்தான் சாட்சி."

மாடசாமி வேறு யாரையும் பார்க்கவில்லை. பவளத்தைப் பார்த்தார். "நீ சொல்லு. வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு. ஆனா ஒங்க வெல்டிங் ஆட்டத்தான் செஞ்சது, தெரிஞ்சுக்கங்க!"

"ஆட்டுனா என்னா? வந்துச்சுல்ல?" அவர் முகமூடியைக் கழற்றினார். "தனக்குக் கேடான உண்மைய ஊர் நடுவுல கத்துனவ சொல்றா. எனக்கு அது போதும். நாளைக்குப் பட்டறைக்கு வா."

மறுநாள் போனாள். பட்டறை வாசலில் கிராணி நின்றார். மச்சான் ஏற்கெனவே உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"வெளையாட்டுக்குச் சொன்னத யாராச்சும் நெசமுன்னு எடுப்பாங்களா? பொம்பளைக்குப் பட்டறையில எடமில்ல. துரை உத்தரவு. பெட்டிக்கூடத்துக்குப் போ."

பவளம் வாயைத் திறப்பதற்குள் மாடசாமி கத்தினார். அதுவரை அந்தத் தோட்டத்தில் பவளத்தைவிடச் சத்தமாக யாரும் கத்தியதில்லை. "எவன்டா வெளையாட்டுக்குச் சொன்னது? இது என் வாயில வந்த சொல்லு! என் வாயி வெளையாட்டுச் சாமானா?"

கிராணி சிரித்துக்கொண்டே போய்விட்டார். பவளம் பெட்டிக்கூடத்துக்குத் திரும்பினாள். அன்று அவள் ஒட்டின பெட்டிகளை இங்கிலாந்தில் திறக்க முடியாமல் கோடாலி கொண்டுவந்தார்கள் என்று கேள்வி.

அந்த வாரமே, பச்சைக் கொழுந்தை வாட்டுகிற பெரிய ஃபேனின் பெல்ட் அறுந்தது. நல்ல மழைக்குப் பின் வெயில். கொழுந்து மலைமலையாக வந்து இறங்குகிறது. காற்று இல்லாவிட்டால் கொழுந்து சூடேறி அவிந்து குப்பைக்குப் போகும். மாடசாமி புது பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார்.

துரை வந்தார். கிராணியும் ஓடி வந்தார்.

"என்ன மாடசாமி, ஏன் சும்மா உக்காந்திருக்க?"

"ரெண்டு ஆளு வேணுங்க துரை. ஒருத்தர் சக்கரத்தப் புடிக்கணும், ஒருத்தர் பெல்ட்ட ஏத்தணும்."

"அதான் ஒனக்குப் புது ஆளு குடுத்தாச்சே?"

மாடசாமி மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் சக்கரத்தைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். "எதப் புடிக்கணும்ணே?"

"எதையும் புடிக்காத ராசா" என்றார் மாடசாமி. "துரை, எனக்கு உண்டான ஆளு பக்கத்துக் கூடத்துல பெட்டிக்குத் தாள் ஒட்டிக்கிட்டு இருக்கு. அது வந்தா ஃபேன் ஓடும்."

"இது என்ன, மெரட்டுறியா?"

"ஆமாங்க. நான் வாக்குக் குடுத்தேன். கிராணியய்யா சாட்சி."

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி கொழுந்தைப் பார்த்தார். கொழுந்து புகைய ஆரம்பித்திருந்தது. கை வைத்தால் சுட்டது. துரை கொஞ்ச நேரம் கையை வைத்திருந்து எடுத்தார். "கூப்பிடு அவள" என்றார். "நெரந்தரமாவே வரட்டும். போ, கூப்பிடு!"

பவளம் சிலுவார் போட்டுக்கொண்டு வந்தாள். எழுபத்தைந்திலேயே தைத்து வைத்தது. இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். மாடசாமி சக்கரத்தைப் பிடிக்க, அவள் பெல்ட்டின் விளிம்பைப் பள்ளத்தில் செருகித் தோளால் நெட்டி ஏற்றினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடாமல் திட்டிக்கொண்டே செய்தார்கள்.

"இழு புள்ள, இழு! சோறு திங்கல?"

"நீங்க மொதல்ல ஆட்டாமப் புடிங்கண்ணே!"

ஃபேன் ஓடியது. கொழுந்துக்கு மேல் காற்று பாய்ந்தது. துரைக்கு மூச்சு வந்தது. முகத்தில் சிரிப்பும் வந்தது. ஏதோ பரிசு கொடுத்தவர்போல அவளைப் பார்த்துச் சொன்னார்: "என்ன பவளம், இப்பச் சந்தோஷமா?"

பவளம் கையிலிருந்த கிரீஸைச் சிலுவாரில் துடைத்தாள். "சந்தோஷமா? இத்தன வருஷம் இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சீங்களே துரை, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

ஃபேனுக்கு அடியில் குனிந்து, பெல்ட் ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் இறுக்கணும்ணே" என்றாள். "இப்பவே நழுவுது."